கரண்டி கையில் இருந்தபோது சொன்னது

மக்காச்சோள அறுவடை முடிந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் கொஞ்சம் நல்லவர்களாகிவிடுவார்கள். வயலில் வேலை இல்லை. பனி இன்னும் கொட்டத் தொடங்கவில்லை. கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களுக்குச் சில வாரங்கள் இருக்கின்றன. அணி இன்னும் தோற்கவில்லை என்பதால் யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. விஷயம் தொடங்கியது அந்த நாட்களில்தான், ஆகவே அங்கிருந்தே சொல்கிறேன். காபிக்கு நன்றி, மேடம். சர்க்கரை கலக்க ஒரு கரண்டி கிடைத்தால் நல்லது. அவசரமில்லை.

என் பெயர் லைல் ஆஸ்டர்மன். மக்காச்சோள மாவு ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். ஒரு காலத்தில் ஹார்ஸ்லி கல்லூரியில் படித்தேன். இரண்டாம் வருடத்தில் நின்றுவிட்டேன். அதனால் கல்லூரிக்கும் நஷ்டமில்லை, எனக்கும் நஷ்டமில்லை. இண்டியானாவில் படிப்பைப் பாதியில் விட்டவனை யாரும் ஏனென்று கேட்பதில்லை. அணியைப் பாதியில் விட்டவனோடு பேசமாட்டார்கள். ஆகவே அணியை வைத்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில் கல்லூரி விளையாட்டரங்கில் தரை துடைக்கப் போவேன். சம்பளம் கிடையாது. கூடைக்குப் பின்னால் இரண்டு இலவச இருக்கைகள் உண்டு. ஒன்றில் நான் உட்காருவேன், மற்றதில் மெர்ல் கெஸ்லர்.

டார்லாவின் சாப்பாட்டுக் கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பாவே அங்கே நின்று சொல்லியிருக்கிறார், நான் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த வாக்குமூலத்தின் ஒலிப்பதிவை வேறு ஊர் நீதிபதி யாராவது கேட்கக்கூடும். அவருக்காகச் சொல்லிவிடுகிறேன்.

அணி பயிற்சி தொடங்கும் முதல் சனிக்கிழமை மதியம், டார்லா ஒரு பெரிய பானை நிறைய பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட குழம்பைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைப்பாள். ஒவ்வொருவராக எழுந்து, அந்தப் பானைக் கரண்டியைக் கையில் எடுத்து, இந்த வருடம் என்னென்ன நடக்கும் என்று சொல்லவேண்டும். சொல்லி முடித்துக் கரண்டியைப் பானையில் வைத்துவிட்டால் முடிந்தது. கரண்டி கையில் இருக்கும்வரை வாயிலிருந்து வருவது எல்லாம் கணக்கில் சேரும். எதையும் எழுதிவைப்பதில்லை. ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது எழுதுவானேன்.

மிக மோசமாகத் தவறியவன் ஜூலை சுதந்திர தின ஊர்வலத்தில் நாரை வேடம் போடவேண்டும். எங்கள் அணியின் பெயர் நாரைகள்; ஆட்ட நாட்களில் மாணவர் யாராவது அதே உடையைப் போட்டுக்கொண்டு களத்தோரம் ஆடி உற்சாகப்படுத்துவார்கள். சொன்ன எல்லாமே பலித்தவன் பெயரை டார்லா தன் கடையின் முக்கியமான சாண்ட்விச்சுக்கு வைப்பாள். தட்டிப் பொரித்த பன்றி இறைச்சி, ரொட்டிக்கு வெளியே நாலு பக்கமும் தொப்பி விளிம்பு போல நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். யாருக்கும் எல்லாமும் பலித்ததில்லை. அதனால் அந்த சாண்ட்விச்சுக்கு இத்தனை காலமும் பெயர் இல்லை. "பேரில்லாதது ஒண்ணு, வெங்காயம் வேண்டாம்" என்றுதான் கேட்டு வாங்குவோம்.

மெர்ல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஓட்டியவன். ஒவ்வொரு வருடமும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வான்: நாம்தான் சாம்பியன். ஒவ்வொரு ஜூலையும் நாரை வேடம் போடுவான். அந்த உடையின் இடுப்பை அவனுக்காகவே பெரிதாக்கித் தைத்துவிட்டார்கள். தோற்கும்போதும் சிரிக்கிற ஆள் அவன். அணி அடி வாங்கிக்கொண்டிருக்கும், எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள், இவன் மட்டும் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருப்பான். அது எனக்கு எப்போதுமே எரிச்சலாக இருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

போன அக்டோபரில் என் முறை வந்தது. கரண்டியை எடுத்தேன். நான் நல்லது சொல்கிறவன் இல்லை, உண்மை சொல்கிறவன் என்று ஊரில் பெயர். மினசோட்டாவிலிருந்து ஏழடி உயரத்தில் ஆஸ்கர் லிண்ட்க்விஸ்ட் என்று ஒரு பையன் வந்திருந்தான். ஊரே அவனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பாதி ஆட்டங்கள்கூட ஆடமாட்டான் என்றேன். பயிற்சியாளர் பிரானிகன் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேலையை விட்டுவிடுவார் என்றேன். அதன் பிறகு அணி கடைசி இடத்துக்குப் போகும் என்றேன். ஒரு ஆட்டத்தில் நடுவர் நம் நாரையையே களத்தைவிட்டு வெளியே அனுப்புவார் என்றேன்.

"யோவ், உனக்குப் பால்ல விஷம் கலந்து குடுத்தா வளத்தாங்க?" என்றாள் டார்லா.

"அந்த நாரையை ஏன்டா வெளிய அனுப்புறாங்க? அது என்னடா பண்ணுச்சு?" என்றான் மெர்ல். குழம்பு அவன் தாடையில் ஒட்டியிருந்தது.

"அது நடக்கும்போது பாரு."

"லைலு, ஒரே ஒரு நல்லது சொல்லிட்டு உக்காருடா. ஒண்ணே ஒண்ணு. கடைசி ஆட்டம் நம்ம ஊர்ல, ஸ்டாட்டன் கூட. அதையாவது ஜெயிக்கிறோம்னு சொல்லு. அவனுங்களை நாம ஜெயிச்சு எத்தனை காலமாச்சு."

"சரி. ஜெயிப்போம். அதைப் பாத்துட்டு நீ சந்தோஷத்துலயே நெஞ்சு வெடிச்சுச் செத்துருவ. போதுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மெர்லும் சிரித்தான். அதற்கு முந்தைய வருடம்தான் அவனுக்கு நெஞ்சுவலி வந்து, இதயத் துடிப்பைக் குறித்துவைக்கும் ஒரு சின்னக் கருவியைத் தோலுக்கடியில் வைத்திருந்தார்கள். பதற்றமான ஆட்டங்களைப் பார்க்கவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நம் அணி ஆடினால் பதற்றத்துக்கு இடமே இருக்காது என்று மெர்ல் அவரைச் சமாதானப்படுத்தியிருந்தான்.

சிரிப்பு அடங்கியதும் டார்லா என் கையைக் காட்டினாள்.

"கண்ணு, கரண்டி உன் கையிலதான் இருக்கு."

பார்த்தேன். இருந்தது.

"அப்ப இதுவும் சேத்திதான?" என்றாள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்கிறவனை நம் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "சேத்திதான்" என்று சொல்லிக் கரண்டியைப் பானையில் வைத்தேன்.

முதலில் ஆஸ்கர் விஷயம். நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமைகளில் லூத்தரன் சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுவான். ஒவ்வொரு கதவிலும் குனிந்து நுழைவான், கடவுளுக்காக மட்டுமல்ல. சர்ச்சின் பக்கவாட்டு வாசலில் கல் படிகள் இருக்கின்றன. உறைபனி விழுந்த ஒரு காலையில் அந்தப் படிகளில் கொஞ்சம் சோளமாவு தூவினேன். மாவு ஆலையில் வேலை செய்கிறவனுக்கு அது தெரியும்: மழமழப்பான எதன் மேலும் அந்த மாவு விழுந்தால் மனிதன் நிற்கமுடியாது. வெள்ளையில் வெள்ளை, யாருக்கும் தெரியவில்லை. அவன் விழுந்தபோது முட்டி திரும்பிக்கொண்டது. ஏழடி மனிதனுக்கு முட்டி எப்படியும் ஒரு தற்காலிக உறுப்புதான். நான் அந்தத் தேதியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன், அவ்வளவுதான்.

ஆம்புலன்சில் அவனை நீட்டிப் படுக்கவைக்க முடியவில்லை. கதவு மூடவில்லை. மெர்ல்தான் பள்ளிப் பேருந்தைக் கொண்டுவந்து, நடுவில் உள்ள பாதையில் அவனைப் படுக்கவைத்து மருத்துவமனைக்கு ஓட்டினான். வழி முழுக்க அவனுக்குப் பாட்டுப் பாடிக் காட்டினானாம். பிறகு பேருந்தில் தனியாக உட்கார்ந்து அழுதான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். காபி வாங்கிக் கொடுத்தேன். படியில் மிச்சமிருந்த மாவைப் போதைப்பொருள் என்று நினைத்து உங்கள் போலீஸ் ஆபீஸ் பரிசோதனைக்கு அனுப்பியதும், குழம்பு கெட்டியாவதற்குப் போடும் பொருள் என்று பதில் வந்ததும் ஊருக்கே தெரியும். உங்களைக் குறை சொல்லவில்லை.

அடுத்தது பிரானிகன். ஆட்ட நாளில் அவர் ஒரு பழுப்புக் கம்பளிச் சட்டை போடுவார். அதைப் போட்டிருந்த நாளில்தான் ஒரு காலத்தில் பெரிய பல்கலைக்கழக அணி ஒன்றை ஜெயித்தார். அன்றிலிருந்து அதைத் துவைக்கவில்லை. அரங்குக்குள் முதலில் சட்டை நுழையும், கொஞ்சம் கழித்துத்தான் அவர் நுழைவார். அது அவருடைய அறையில் ஒரு கொக்கியில் தொங்கும். அந்த அறையையும் நான்தான் துடைப்பேன். ஒரு நாள் சட்டையை எடுத்துப்போய், லாவண்டர் வாசனைச் சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, மடித்து, அவர் நாற்காலியில் வைத்தேன். உங்கள் தாளில் திருட்டு என்று எழுதியிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. மடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், மேடம். திருடர்கள் மடிப்பதில்லை.

அதைப் போட்டுக்கொண்டு அவரால் ஒரு ஆட்டத்தைக்கூட ஜெயிக்க முடியவில்லை. பையன்கள் எதிரிலேயே சட்டையை முகர்ந்து பார்த்து அழுதார் என்று சொன்னார்கள். கிறிஸ்துமஸ் விளக்குகள் ஏறுவதற்குள் வேலையை விட்டுவிட்டார். இப்போது ஃபுளோரிடாவில் குளியல் தொட்டி விற்கிறாராம். சுத்தத்தோடு அவருக்கு ஏதோ சமரசம் ஏற்பட்டிருக்கவேண்டும்.

மூன்றாவது, அணி கடைசி இடத்துக்குப் போனது. அதற்கு நான் எதுவும் செய்யவில்லை, தானாகவே போனது. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில்தான் அதிகப் பெருமை.

நாலாவதுதான் சிரமமாக இருந்தது. நாரை வேடம் போடுகிறவள் கெல்சி என்று ஒரு மாணவி. ஒழுங்கான பெண், நடுவரோடு சண்டை போடுகிறவள் இல்லை. தூண்டிப் பார்த்தேன். நடுவர் அவளுடைய அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "அவருக்கு எங்கம்மாவைத் தெரியுமா? ஐயோ, அம்மா சந்தோஷப்படுவாங்க" என்றாள். வேறு வழியில்லாமல் இடைவேளையில் அவளைத் துடைப்பம் வைக்கும் அறைக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினேன். உள்ளே நாற்காலி போட்டிருந்தேன். பேரில்லாதது ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன், வெங்காயத்தோடு. தாழ்ப்பாள் தானாக மாட்டிக்கொண்டது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். உடையை இடைவேளையில் கழற்றி வைத்துவிட்டு அந்த அறைக்குப் போனாள் என்பது என் அதிர்ஷ்டம். இந்தச் சொல்லை இங்கே மட்டும்தான் அனுமதிக்கிறேன்.

வாழ்நாளில் போடமாட்டேன் என்று நினைத்திருந்த உடையை நானே போட்டேன். உள்ளே மெர்லின் வியர்வை வாசனை இருந்தது. களத்துக்குப் போய் நடுவரின் பின்மண்டையில் அலகால் கொத்தினேன். திரும்பிப் பார்த்தார். மறுபடியும் கொத்தினேன். சத்தம் போட்டார். அவர் தொப்புளில் கொத்தினேன். இரண்டு காவலர்கள் என் இறக்கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். அரங்கமே எழுந்து நின்று கத்தியது. தோற்றுக்கொண்டிருந்த அணிக்கு அந்த வருடம் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான். உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்வாசல் வழியாக வந்து என் இருக்கையில் உட்கார்ந்தேன். மெர்ல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா போன? பாத்தியா, பாத்தியா? நாரை அவனைக் கொத்திருச்சுடா!"

"துடைப்பம் எடுக்கப் போனேன்."

"உள்ள எவன் இருந்தான்னு தெரியல. தெரிஞ்சா அவன் கையைப் பிடிச்சு முத்தம் குடுப்பேன்."

அவனிடம் சொல்லமுடியவில்லை. இந்த முழு விவகாரத்திலும் எனக்கு வருத்தம் என்று ஒன்று இருந்தால் அது அதுதான்.

அதன் பிறகு டார்லா கடையில் பேச்சு மாறிவிட்டது. நாலு பலித்துவிட்டது. மிச்சம் இருந்தது மெர்ல். அவன் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து தொப்பியைக் கழற்றுவார்கள்.

"மெர்ல் அண்ணே, பெட்டிக்கு அளவு குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு. இடுப்புல கொஞ்சம் அகலமா செய்யச் சொல்லிருக்கேன், நாரை டிரெஸ் மாதிரி."

ஒரு நாள் அவன் என் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தான். வழக்கமாக உரக்கப் பேசுகிறவன் அன்று குரலைத் தாழ்த்தினான்.

"லைலு, நெஜமாவே ஸ்டாட்டனை ஜெயிப்போமா?"

"சொன்னது சொன்னதுதான்."

"அப்ப சரி. அதைப் பாத்துட்டு நான் போகத் தயார்டா. சத்தியமா. ஆனா பாக்கணும்."

நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அணியை அதன் போக்கில் விட்டால் தோற்கும், மெர்ல் வீட்டுக்குப் போவான், என் ஐந்தாவது வாக்கு தவறும். அது ஒரு வழி. இன்னொரு வழியில், சம்மதம் சொல்லிவிட்ட ஒருவனுக்கு அவன் ஆயுள் முழுக்கக் கேட்டதைக் கொடுக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொலை என்று இதைச் சொல்கிறவர்கள், மெர்லிடம் யாராவது இதைவிட நல்லதாக ஏதாவது கொடுத்தார்களா என்று சொல்லட்டும். நான் அவனுக்கு எதுவும் ஊட்டவில்லை. அவன் மேல் விரல்கூட வைக்கவில்லை. ஒரு வெற்றிக்கு ஏற்பாடு செய்தேன்.

சொல்லப்போனால் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அணியைக் கெடுக்க எனக்குத் தெரியும். ஜெயிக்கவைக்கத் தெரியாது. அந்த நேரத்தில் நம் அணியில் நல்ல முட்டி உள்ளவர்களே குறைவு. ஆகவே வேலையை ஸ்டாட்டன் பக்கம் ஆரம்பித்தேன். விருந்தாளி அணி ஆட்டத்துக்கு நடுவில் ஒரு பெரிய பீப்பாயிலிருந்து பொடி கலந்த ஆரஞ்சுத் தண்ணீரைக் குடிப்பார்கள். அந்த பீப்பாயைக் கழுவி வைப்பது நான். பொடிக்குப் பதில் சோளமாவு போட்டேன். நிறத்துக்கும் ருசிக்கும் கொஞ்சம் ஆரஞ்சுப் பொடி. தண்ணீரில் கலந்த பச்சை மாவு வயிற்றுக்குள் போனதும் உடனே ஒன்றும் செய்யாது. நேரமெடுக்கும். மாவு பொறுமையானது.

அது சனிக்கிழமை மதிய ஆட்டம். மெர்ல் சவரம் செய்து, டை கட்டி வந்திருந்தான். ஒரு பெரிய பொட்டலம் சோளப்பொரி வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். ஸ்டாட்டன்காரர்கள் மாவு வேலை செய்வதற்கு முன்பே நம்மைத் துவைத்து எடுத்துவிட்டார்கள். இடைவேளை நெருங்கும்போது வித்தியாசம் வெட்கக்கேடாக இருந்தது. நான் ஸ்டாட்டன்காரர்களின் பீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெர்ல் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு இரக்கம் வந்துவிட்டது. எனக்காக.

"விடுடா லைலு," என்றான். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, தொப்பியை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்தான். நெருக்கடியான நேரங்களில் அப்படித்தான் உட்காருவான்.

இரண்டாம் பாதியில் மாவு எழுந்தது. முதலில் அவர்களுடைய பெரிய ஆட்டக்காரன் குதிக்கப் போய்ப் பாதியில் மனதை மாற்றிக்கொண்டான். பிறகு ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்தார்கள். கர்ப்பிணிகளைப் போல நடந்தார்கள். ஓடச் சொல்லி அவர்கள் பயிற்சியாளர் கத்தினார். ஓடவில்லை. நம் பையன்கள் திகைத்துப்போய், பிறகு தயங்கி, பிறகு பந்தைப் போட ஆரம்பித்தார்கள். வித்தியாசம் குறைந்தது. அரங்கம் இடிந்து விழுவதுபோலச் சத்தம். எப்போதும் கத்துகிற மெர்ல் அன்று கத்தவில்லை. பொரியைத் தொடவில்லை. பயபக்தி என்று நினைத்துக்கொண்டேன். என் சட்டையைப் பிடித்த பிடி மட்டும் தளரவேயில்லை. கை சில்லென்று இருந்தது. அந்த அரங்கில் சூடேற்றும் இயந்திரம் எப்போதுமே சரியாக வேலை செய்ததில்லை.

கடைசி நொடியில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். பந்து எல்மர் பிட்ஸ் என்ற பையனிடம் இருந்தது. மருந்தாளுநர் படிப்பு படிக்கிறவன், என் தோளுயரம். யாரிடமோ எறிய நினைத்தான். யாரும் இல்லை. எறிந்துவிட்டான். களத்தின் பாதியிலிருந்து போன அந்தப் பந்து கூடைக்குள் விழுந்தபோது ஆட்டம் முடியும் சங்கு ஊதியது.

நான் எழுந்து நிற்கவில்லை. திரும்பி மெர்லைப் பார்த்தேன். தொப்பியைத் தூக்கினேன். கண் திறந்திருந்தது. முகத்தில் சிரிப்பு. கூடையைப் பார்த்தபடி இருந்தான். செத்துப்போயிருந்தான்.

ஐந்தும் பலித்துவிட்டது. சுற்றிலும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவன் கண்களை மூடினேன். பொரியைக் கீழே சிந்தாமல் எடுத்துவைத்தேன். நான்தானே துடைக்கவேண்டும்.

இனி நான் ஏன் இங்கே வந்தேன் என்று சொல்கிறேன். என்னை நீங்கள் பிடிக்கவில்லை. பிடித்திருக்கவும் மாட்டீர்கள். நானாக வந்தேன். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அடக்கம் முடிந்து ஒரு வாரம் பொறுத்துவிட்டு டார்லா கடைக்குப் போனேன். அவள் என் எதிரில் ஒரு தட்டை வைத்தாள்.

"இந்தா கண்ணு. மெர்ல் ஒண்ணு, வெங்காயம் இல்லாம."

"என்னது?"

"பேர் வெச்சிட்டோம்ல. இனிமே இதுக்கு மெர்ல்னு பேரு. எல்லாருமா சேந்துதான் முடிவு பண்ணோம்."

"அஞ்சும் பலிச்சது எனக்கு."

அவள் என் கன்னத்தைத் தட்டினாள். "அட, அது ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்யா. முட்டி உடையறதும், கிழவன் வேலையை விடறதும், பாவம் மெர்லு... அதுக்கெல்லாமா பேர் வெப்பாங்க? மனுசன் இருக்கற வரைக்கும் நம்பிக்கிட்டே இருந்தான். அவனுக்குத்தான் அது பொருத்தம்."

அதிர்ஷ்டம். நான் சாப்பிடாமல் எழுந்தேன். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்தேன். இதில் எது அதிர்ஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள். நான் செய்த வேலை ஒவ்வொன்றும் இந்தப் பதிவில் இருக்கிறது. கோர்ட்டில் தீர்ப்பாக வாசிப்பார்கள், பத்திரிகையில் வரும், டார்லா படிப்பாள். அப்போது தெரியும், அந்த சாண்ட்விச்சில் யார் பெயர் இருக்கவேண்டும் என்று. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சிறை எனக்குப் பெரிய மாற்றமாக இருக்காது. அங்கேயும் இரவில் விழித்திருப்பேன்.

கரண்டிக்கு நன்றி. பிளாஸ்டிக் என்றாலும் கலக்கும்.

மன்னிக்கவும். இன்னொரு முறை சொல்லுங்கள்.

நெஞ்சில் இருந்த கருவியா? அது என்ன சொல்கிறது?

இடைவேளைக்கு முன்பே துடிப்பு நின்றுவிட்டதா.

இல்லை, மேடம். கருவிகள் தப்பாகக் காட்டும். ஆலையில் எங்கள் எடை இயந்திரம் வாரம் ஒரு முறை தப்பாகக் காட்டுகிறது. இடைவேளைக்கு முன்பு நாம் தோற்றுக்கொண்டிருந்தோம். அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது, நான் பார்த்தேன். தோற்றுக்கொண்டிருக்கும்போது எவன் சிரிப்பான்?

அப்படிப் பார்க்காதீர்கள். நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள், தெரிகிறது. முட்டிக்கும், மாவுக்கும், கெல்சியைப் பூட்டியதற்கும் மட்டும் வழக்கு, மெர்ல் சாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, அந்தப் பாரத்தை இறக்கிவைத்துவிடு என்கிறீர்கள். எனக்கு இறக்கிவைக்க வேண்டாம். அவன் பார்க்கணும் என்று சொன்னான். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அதுவல்ல, அது முன்பு ஒரு நாள் சொன்னது. ஆனால் சொன்னான். அவன் பார்க்கவில்லை என்றால் இரண்டாம் பாதி முழுக்க நான் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்?

ஒலிப்பதிவு ஓடுகிறதா? நிறுத்தாதீர்கள்.

நீங்கள் கொடுத்த கரண்டி என் கையில் இருக்கிறது. நன்றாகத் தெரியும்படி தூக்கிப் பிடித்திருக்கிறேன். வழக்கம் உங்களுக்குத் தெரியும், உங்கள் அப்பாவுக்கும் தெரியும். எல்மர் எறிந்த பந்து உள்ளே போனதை மெர்ல் கெஸ்லர் பார்த்தான். பார்த்த சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துச் செத்தான். அவனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

கையை நீட்டாதீர்கள், மேடம். நான் இன்னும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ஒன்று பாக்கி இருக்கிறது.

அடுத்த வருடம் நாம்தான் சாம்பியன்.